சீஸ்பேரிங் சன்னாசி

ஆங்கிலேயர்கள் கைதாராளமானவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செலவு செய்யாதவனைத் திட்டுவதற்கென்றே ஒரு கொட்டகை நிறையச் சொற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இத்தனை திட்டைச் சேர்த்து வைத்தவர்களுக்குச் சேர்த்து வைக்கும் பழக்கம் இல்லாமலா இருந்திருக்கும்? அந்தக் கொட்டகையின் மூலையில் தூசி படிந்து கிடக்கிற ஒரு பெயரடைதான் 'சீஸ்பேரிங்'. லண்டனிலேயே அதை வாயில் போட்டு மெல்லுகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் எழுபதுகளில், மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், நடை பழகுகிற பிள்ளைகூட அந்தச் சொல்லைச் சொல்லும். அங்கே அது ஒரு மனிதரின் பெயர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சன்னாசி. பால்மரம் வெட்டுகிறவர். ஒல்லியான ஆள். பேசுவதிலும் ஒல்லிதான், பத்து வார்த்தை கேட்டால் இரண்டு கொடுப்பார்.

பால் வெட்டுவது என்றால் மரத்தை வெட்டிச் சாய்ப்பது என்று நினைத்துவிட வேண்டாம். உளியால் பட்டையில் இடமிருந்து வலமாகச் சரிவாக ஓர் இழுப்பு இழுப்பார்கள். பட்டை சுருளாகக் கீழே விழும். கீறிய கோட்டின் வழியே பால் இறங்கி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டும். சுருள் தடிமனாக விழுந்தால் மரத்துப் பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், மழை வருவதற்குள் மரங்களை முடிக்க வேண்டுமே என்று எல்லோரும் கொஞ்சம் தாராளமாகத்தான் இழுப்பார்கள். சன்னாசிக்கு அது வராது. அவர் சீவிய பட்டை காற்றடித்தால் பறக்கும்.

எழுபத்திரண்டு வாக்கில் ஒரு வெள்ளைக்கார சின்னதுரை, அதாவது உதவி மேனேஜர், வெட்டு பார்க்க வந்தார். சன்னாசியின் மரத்தடியில் கிடந்த சுருள் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அந்தப் பக்கத்து வெயில் இந்தப் பக்கம் தெரிந்தது. துரை வாயிலிருந்த பைப்பை எடுத்து, "சீஸ்பேரிங் ஃபெல்லோ" என்றார். புகழ்ந்தாரா, நக்கலடித்தாரா என்று சொல்லவே முடியாத முகம். அப்படிப்பட்ட முகங்களாகப் பார்த்துப் பொறுக்கித்தான் அந்த ஊரில் கப்பலேற்றுவார்கள் போலிருக்கிறது.

பக்கத்தில் நின்றவர் தோட்டத்துக் கிராணி பிச்சைமுத்து. ஆபீஸில் எழுத்து வேலை. இங்கிலீஷ் அகராதி வைத்திருந்த ஒரே தமிழர் அந்தத் தோட்டத்தில் அவர்தான். அன்றைக்குச் சாயங்காலமே அகராதியைப் புரட்டிவிட்டார். மறுநாள் விடிகாலையில், ஆட்கள் பேர் கொடுக்க வரிசையாக நிற்கும் பெரட்டுக் களத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்.

"நம்ம சன்னாசிக்குத் துரை பட்டம் குடுத்திருக்காரு. சீஸ்பேரிங். அப்படின்னா கஞ்சப்பய."

களம் முழுக்கச் சிரித்தது. சன்னாசியும் கூடச் சேர்ந்து சிரித்தார். துரை அந்தச் சுருளை விரல் அழுந்தாமல் நுனியில் பிடித்த விதத்தை அவர் பார்த்திருந்தார். ஒருவரைத் திட்டுகிறவர் இவ்வளவு பதனமாகப் பிடிக்க மாட்டாரே என்று ஒரு சந்தேகம் அவருக்கு. ஆனால் கிராணியிடம் கேட்கவில்லை. கிராணியிடம் கேள்வி கேட்கிற வழக்கம் அந்தக் காலத்தில் தோட்டத்தில் இல்லை.

பட்டம் பொருந்தவில்லை என்றும் சொல்ல முடியாது. சவர பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உள்பக்கத்தில் தேய்த்துத் தேய்த்தே வருஷத்தை ஓட்டுவார். தீபாவளிக்கு ஒரு புது பிளேடு. அவர் துருவிப் போட்ட தேங்காய் ஓட்டில் எறும்புக்கும் வேலை இருக்காது. வாழைக்காய்த் தோல் பொரியலாகும், பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். அவருடைய மனைவி வீரம்மா தண்ணீர்க் குழாயடியில் மற்ற பெண்களிடம் சொல்வாள்: "எங்க வூட்டுல குப்பைக்கூடை பட்டினி கெடக்குதுடி. வேணும்னா வந்து பாருங்க."

ஆனால் அதே வீட்டில்தான், கிராணியின் மனைவி பத்து காஜா ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்குக் கிடந்தபோது, கிராணிக்கு மூன்று வேளையும் இலை விழுந்தது. சம்பலுக்கு வெங்காயத்தை உரித்தவர் சன்னாசி. தோல் என்று அவர் எடுத்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. மிச்சமெல்லாம் சட்டிக்குப் போய், சட்டியிலிருந்து கிராணியின் இலைக்கு வந்தது. கிராணி இரண்டு தரம் போட்டுக்கொண்டு, கஞ்சப்பய வீட்டுச் சாப்பாடு இது என்று ஏப்பம் விட்டார். அகராதி படித்தவர் ஏப்பமும் அகராதிப்படிதான் விடுவார்.

எழுபத்தெட்டில் தோட்டம் கைமாறியது. புது முதலாளிக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் கண்ணில் பட்டது. பால்மரங்கள் சாய்ந்தன. சன்னாசி பட்டையைச் சிக்கனமாகச் சீவி இன்னும் பல வருஷத்துக்கு வைத்திருந்த மரங்களைப் புல்டோசர் ஒரு வாரத்தில் முடித்தது.  அவர் உளியை மட்டும் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வீரம்மாவோடு ஈப்போவுக்கு வந்து, புந்தோங் பகுதியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். ஒரே மகள் பாரிட் புந்தாரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மகள் வீட்டில் போய் உட்காருவதில்லை என்று இரண்டு பேரும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்.

இனி உட்கார வேறு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. லூமுட்டில் படகுத்துறைக்குப் பக்கத்தில் வீரம்மாவின் தம்பி அர்ச்சுனன் கருவாடு காயப்போட்டு விற்றுக்கொண்டிருந்தான். நல்ல மனசு, ஆனால் வாய் நீளம். தீபாவளிக்குள் மச்சானுக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சீஸ்பேரிங் மச்சான் வந்தா என் அரிசிப்பானைக்கு நல்லதுதான் லா" என்று சேர்த்துவிட்டான். சொல்லிவிட்டவன் அவன் பாட்டுக்குச் சிரித்திருப்பான். இங்கே சன்னாசி அன்று தன் சோற்றுத் தட்டை வீரம்மா பக்கம் நகர்த்திவிட்டார். மச்சினன் வீட்டு அரிசிப்பானையைச் சுற்றித் தன் பேரைச் சொல்லிச் சிரிப்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். மறுநாளிலிருந்து ஈப்போ முழுக்க வேலை தேடி நடந்தார். ஐம்பது வயதுக்கு மேல் பால்மரம் தவிர வேறொன்றும் தெரியாத ஆளுக்கு, ஒரு பால்மரம்கூட இல்லாத ஊரில் என்ன வேலை இருக்கும்?

பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் முகமது இப்ராஹிமின் சாப்பாட்டுக்கடை. நானும் அங்கே கணக்கில்லாமல் தின்றவன்தான், அதனால் அடுத்து நடந்ததைப் பல வாயிலிருந்து பல தரம் கேட்டிருக்கிறேன். கடையில் தோல் உரிக்கிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். முதலாளியே பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பச்சடிக்கு அன்னாசி சீவிக்கொண்டிருந்தார். அன்னாசிப்பழத்தின் கண்களை எடுக்க வேண்டுமல்லவா? அவர் அரைப் பழத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

சந்தில் போன சன்னாசி நின்றார். பார்க்க முடியவில்லை. கடைசியில் வாயைத் திறந்துவிட்டார்.

"மொதலாளி, காயம் படுது."

இப்ராஹிம் பதறிக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரத்தம் எதுவும் இல்லை. "எங்கேய்யா காயம்?"

"விரல்ல இல்லே. பழத்துல."

நீ சீவிப் பார் என்று கொடுத்துவிட்டார் முதலாளி. சன்னாசி இடுப்பிலிருந்து துணியை அவிழ்த்து உளியை எடுத்து, குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவினார். அன்னாசியின் கண்கள் எப்படி இருக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? பழத்தைச் சுற்றிச் சரிவாக வரிசையாக இறங்கும். சன்னாசிக்கு அது சின்ன பால்மரம். இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு. கண்கள் மட்டும் ஒரு சுருளாகக் கழன்று வந்தன. பழம் பழமாகவே இருந்தது. இப்ராஹிம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தீபாவளி வரைக்கும் வேலை செய்யட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். தீபாவளி என்றதும் சன்னாசி லூமுட் கதையையும் சொல்லிவிட்டார். அது அவர் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சப் பேச்சு என்று சொல்வார்கள்.

அன்றிலிருந்து வெங்காயம், இஞ்சி, பூண்டு, உருளைக்கிழங்கு, வெள்ளரி, அன்னாசி எல்லாம் சன்னாசியின் நிரை, தோட்டத்தில் ஆளுக்கு ஒதுக்கிக் கொடுக்கும் மர வரிசை மாதிரி. அதிகாலையில் வந்து உட்கார்ந்தால் மதியக் கூட்டத்துக்கு முன்னால் முடித்துவிடுவார். எல்லாம் சரியாகத்தான் போனது, ஒரு சாக்குப்பையைத் தவிர.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் மங்குப் பாலை ஸ்டோரில் ஊற்றினதோடு வேலை முடிவதில்லை. மரத்தில் ஒட்டிக் காய்ந்த பால், மங்கின் அடியில் உறைந்த பால், பால் படிந்த பட்டைச் சுருள் எல்லாவற்றையும் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். அதையும் நிறுப்பார்கள், அதற்கும் கூலி உண்டு. சாக்கு கனமாக இருந்தால் கெட்டிக்காரன், லேசாக இருந்தால் கங்காணியிடம் பேச்சு. சன்னாசி சின்ன வயதிலிருந்து இந்த ஒழுங்கில் வளர்ந்தவர். சீவுகிற வேலை எங்கே உண்டோ அங்கே சீவலை நிறுக்கிற வேலையும் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. கடையில் யாரும் அவரிடம் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. உரித்த தோலை எல்லாம் பின்பக்கத்துத் தகரக்கூரை மேல் காயப்போட்டார். காய்ந்ததும் சாக்கில் திணித்து, வாயைக் கட்டி, கரிமூட்டைக்குப் பின்னால் வைத்தார். ஒட்டுப்பாலைத் திருட்டுப் பயமில்லாத இடமாகப் பார்த்துத்தானே வைக்க வேண்டும்?

கடைக்குப் பின்னால் தினமும் காலையில் வருகிறவர் ஒருவர் உண்டு. மெங்லெம்பு பக்கத்தில் வாத்து வளர்க்கிற சீனக் கிழவர். எல்லோருக்கும் அவர் ஆ பெக், சீனத்தில் பெரியவர் என்று அர்த்தம். கடையின் காய்கறித் தோல் அவருடைய வாத்துகளுக்கு. வாத்து முட்டை கடைக்கு, மலிவாக. உப்பில் ஊறப்போட்டு விற்ற அந்த முட்டைக்காகவே வருகிற வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஆ பெக் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, காலிக் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வந்து முதலாளி முன்னால் கவிழ்த்துக் காட்டினார்.

"குலிட் தடா லா, தவுக்கே." தோலே இல்லையாம். வாத்துகள் தன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதாகவும், இப்படியே போனால் முட்டைக்கு வேறு கடை பார்ப்பதாகவும் சொன்னார்.

இப்ராஹிம் யோசித்தார். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிபடுகிறது, தோலைக் காணோம். தோலைக் காணோம் என்றால் வெங்காயம் என்ன ஆகிறது? கரிமூட்டைக்குப் பின்னால் வாய் கட்டிய சாக்கு ஒன்று இருப்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. தினமும் போகும்போது சன்னாசி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவதும் நினைவுக்கு வந்தது.

கெட்ட நேரத்துக்கென்றே சில பேர் பசியோடு வருவார்கள். அன்று மதியம் கிராணி பிச்சைமுத்து வந்தார். தோட்டம் போனபின் ஈப்போவில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்தபடி அடுக்களைப் பக்கம் பார்த்தவர், "அட, நம்ம சீஸ்பேரிங்" என்றார், பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி.

அது என்ன பேர் என்று இப்ராஹிம் கேட்டார்.

"பேரு இல்லே பாய், குணம். கஞ்சப்பயலுக்கு இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்க."

இப்ராஹிம் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். வார்த்தைக்கும் அப்படித்தான். "சீஸ்னா என்னா?"

"பால்ல செய்யிறது. உறைய வெச்சு, சக்கரம் மாதிரி பெருசா வெச்சிருப்பான் வெள்ளைக்காரன். மேலே காஞ்ச தோல் இருக்கும்."

"பேரிங்?"

"அந்தத் தோலைச் சீவுறது. உள்ளே இருக்கிறது துளி வீணாயிடக் கூடாதுன்னு ரொம்ப மெலிசாச் சீவுவான் பாருங்க, அவன்தான் சீஸ்பேரிங். சீவினதையும் தூக்கிப் போடமாட்டான், வெச்சிருப்பான். எரிஞ்சு முடிஞ்ச மெழுகுவத்தித் துண்டையும் சேர்த்து வைப்பான். அந்தக் காலத்துல ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தே சொல்லுவாங்களாம்."

இப்ராஹிம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, "தோலை மெலிசாச் சீவினா, சாப்பிடறவனுக்கு சீஸ் ஜாஸ்தியால்லே கெடைக்கும்? இதுல கஞ்சத்தனம் எங்கே வந்துச்சு கிராணியாரே?" என்றார்.

பிச்சைமுத்து அகராதியில் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை. அகராதியிலும் அந்தப் பக்கம் இல்லை. ஒரு தே தாரேக்கு, அதாவது நுரைக்க ஆற்றிய பால் டீக்குச் சொல்லி, அது வந்து, பாதி குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் சரி பாய். ஆனா தோட்டத்து ஆளுங்க ஒட்டுப்பால் சாக்குக்குள்ள எதையெதையோ வெச்சுக் கடத்துவாங்க. சாக்கு கண்டா ஒரு தரம் அவுத்துப் பாத்துடுங்க."

இப்ராஹிமின் முகம் மாறியது. சாக்கைப் பற்றித் தான் கிராணியிடம் வாயே திறக்கவில்லையே. வருகிற வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போகுமுன் சாக்கை அவிழ்ப்பது என்று முடிவு செய்து, அதைக் கிராணியிடமும் சொன்னார். உள்ளே ஒரு வெங்காயம் இருந்தாலும் ஆள் லூமுட்டுக்குத்தான். தீபாவளிக்கு அப்போது அதிக நாள் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி கரிமூட்டைப் பக்கம் போவதற்குள், சாக்கு நிறைந்துவிட்டது என்று சன்னாசியே அதைத் தலையில் தூக்கிக்கொண்டு, அடுக்களையைத் தாண்டி, சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில் நடந்து, கல்லாப்பெட்டி முன்னால் கொண்டுவந்து இறக்கினார்.  பிச்சைமுத்து நல்ல இடமாகப் பார்த்து முன்கூட்டியே உட்கார்ந்திருந்தார். முட்டைக் கூடையோடு ஆ பெக்கும் நின்றார். திருடனே திருட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஒப்படைப்பதை ஈப்போவில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"நெறுத்துடுங்க மொதலாளி" என்றார் சன்னாசி.

இப்ராஹிமுக்குப் புரியவில்லை. சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். இஞ்சித் தோல் வந்தது, சிகரெட் சுற்றும் காகிதம் மாதிரி. பூண்டுத் தோல், வெங்காயச் சருகு, முறுகிக் காய்ந்த உருளைக்கிழங்குத் தோல். அடியில் வெங்காயம் இருக்கும் என்று சாக்கையே மேசைமேல் கவிழ்த்தார். எல்லாம் தோல். மின்விசிறிக் காற்றில் கொஞ்சம் எழும்பிப் பறந்து, ஒரு வெங்காயச் சருகு பிச்சைமுத்துவின் ரசத்தில் போய் இறங்கியது.

முதலாளி காலிச் சாக்கை உதறிப் பார்ப்பதைச் சன்னாசி தவறாக எடுத்துக்கொண்டார். 

"நெறை கம்மியாத்தான் இருக்கும் மொதலாளி. எனக்கே தெரியுது. கோவிச்சுக்காதீங்க. வர்ற வாரம் கூட்டிடறேன்."

அந்த நிமிடம் இப்ராஹிம் சிரித்திருந்தால் கடை முழுக்கச் சிரித்திருக்கும். பெரட்டுக் களம் சிரித்தது போல. சன்னாசியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சாயங்காலம் மூட்டையைக் கட்டியிருப்பார். முதலாளி சிரிக்கவில்லை. தோலை எல்லாம் தன் கையால் திரும்பச் சாக்கில் அள்ளிப் போட்டார். டாச்சிங் என்கிற சீனக் கோல்தராசை எடுத்துவரச் சொன்னார். கொக்கியில் சாக்கை மாட்டி, கோலை உயர்த்தி, குண்டை நகர்த்தினார். எடை கூடினால் குண்டு வெளிப்பக்கம் போகும், குறைந்தால் உள்பக்கம் வரும்; இது உள்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. அத்தனை நாள் உரித்த தோலின் எடை, சாக்கின் எடையைக் கழித்தால், ஒரு கோழிக்குக்கூடப் போதாது.

கிழங்குத் தோல் ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார் இப்ராஹிம். வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது.

"சீஸ்பேரிங்" என்றார், பிச்சைமுத்துவைப் பார்த்து. இந்த முறை முகத்தில் குழப்பத்துக்கு இடமே இல்லை. பிறகு சன்னாசியின் பக்கம் திரும்பினார். "இங்கே நெறை கூடினாத்தான் தப்பு, அண்ணே. தோலோட போவாதது எல்லாம் தட்டுக்குத்தானே போவுது. நீங்க லூமுட்டுக்கெல்லாம் போவ வேணாம். இங்கேயே இருங்க."

அதுவரை 'யோவ்' என்றும் 'சன்னாசி' என்றும் கூப்பிட்டவர் அண்ணே என்றதைக் கடையில் எல்லோரும் கவனித்தார்கள். சன்னாசி கவனிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை.

"அப்ப இனிமே நெறுக்க வேணாமா?" என்று கேட்டார். வேலை நிலைத்துவிட்டது, ஆனால் உரித்ததையெல்லாம் ஒருவர் தூக்கிப் பார்த்து ஆமாம் என்று சொல்லாமல் வேலை முடிந்ததாக எப்படி வீட்டுக்குப் போவது? அவருடைய வாழ்க்கையில் அப்படி ஒரு நாள்கூட முடிந்ததில்லை.

இப்ராஹிம் அந்த முகத்தைப் பார்த்தார். "யாரு சொன்னா? தெனமும் வாத்துக்குப் போடுங்க. போடறதுக்கு முன்னாடி நெறுப்போம்."

தினமும் நிறுத்தார்கள். ஒன்றிரண்டு வாரமில்லை, எண்பதுகளின் நடுப்பகுதி வரை. டாச்சிங்கைப் பிடிப்பது முதலாளியின் வேலை. வேறு யாரையும் பிடிக்க விடமாட்டார். ஆ பெக்குக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய மகிழ்ச்சி இல்லை. தோல் ஈரமாகவே கிடைத்தது, ஆனால் அது வாத்தின் தொண்டையில் பட்டதே தெரியாது. மிச்சச் சோறும் அவருக்கே என்று பேசி முடித்தபின் முட்டை தடையின்றி வந்தது. அந்தத் தீபாவளிக்குச் சன்னாசியும் வீரம்மாவும் லூமுட்டுக்குப் போனார்கள், விருந்தாளிகளாக. கையில் சீவிய அன்னாசி பச்சடி ஒரு தூக்குச்சட்டி நிறைய. அர்ச்சுனன் அன்றைக்கு அரிசிப்பானையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று வீரம்மா சொன்னாள். வாய் நிறைய இருந்ததாம்.

அந்தக் கடை வெள்ளரி, அந்தக் கடைப் பச்சடி, கிழங்குப் பிரட்டலில் கையில் தட்டுப்படும் பெரிய பெரிய துண்டு எல்லாவற்றையும் நான் வருஷக்கணக்கில் தின்றேன். ஒரு நாளும் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்து நன்றி சொன்னதில்லை. தட்டில் கூடுதலாக விழுவதைத் தனக்குரியது என்று எடுத்துக்கொள்வதுதானே சாப்பிடுகிறவனின் சுபாவம். பிச்சைமுத்துவும் என்னோடு தின்றார். துண்டு பெரிதாக இருப்பதைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை. வாத்துகளைப் பற்றிக் கேட்டால் மட்டும், பாவம், கஞ்சப்பயலிடம் மாட்டிக்கொண்டன என்பார்.

ஒரு மழை நாளில் கூட்டமில்லை. சன்னாசியே என் மேசைக்கு வந்தார். பத்திரிகையில் எழுதுகிற ஆள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "தம்பி, அந்தத் துரை சொன்ன வார்த்தைக்குக் கிராணி சொன்ன அர்த்தந்தானா?" என்று கேட்டார். பதிமூன்று பதினான்கு வருஷமாக அடைகாத்த கேள்வி.

சொல்லுக்குள் இருப்பது தோலை மெலிசாகச் சீவுவது மட்டும்தான், திட்டு பிறகு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன்.

"மெலிசாத்தானே சீவணும்?" என்றார். "அதுக்குப் போயி ஏன்யா சிரிச்சாங்க?"

 வீட்டுக்குப் போய் அகராதியைத் திறந்து பார்த்தேன். கஞ்சத்தனமான, அற்பச் சிக்கனமுள்ள என்று, கிராணி சொன்னதை அச்சடித்த மாதிரியே கிடந்தது. சீஸைச் சாப்பிடுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த அர்த்தம் வருவதற்கு வழியே இல்லை. தோலுக்காகக் குப்பைத்தொட்டிப் பக்கத்தில் காத்து நிற்கிறவன்தான் இப்படிக் கோபப்படுவான். அகராதி எழுதியவர் வாத்துக் கட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

எண்பத்தாறில், மழைக்காலத்தில், சன்னாசி காய்ச்சலில் படுத்துவிட்டார். உரிக்கிற வேலையைக் கடையிலிருந்தவர்கள் மாற்றி மாற்றிச் செய்தார்கள். சன்னாசி பாயில் கிடந்தபடி வீரம்மாவிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாராம்: இத்தனை நாள் போகாமல் இருந்தால் வேறு ஆள் போட்டிருப்பார்கள், லூமுட்டுக்குச் சொல்லிவிடு. வீரம்மாவும் மனசில்லாமல் பெட்டியை இழுத்துத் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்று மாலை கடையிலிருந்து சைக்கிளில் ஒரு பையன் வந்தான். வாழையிலையில் கட்டிய சோறு, மீன் குழம்பு, ஓர் உப்பு முட்டை. முதலாளி சொன்னதை அப்படியே ஒப்பித்தான்: "அண்ணனைச் சீக்கிரம் எழுந்து வரச் சொன்னாங்க. டாச்சிங் குண்டு வெளிப்பக்கமாவே போயிக்கிட்டு இருக்குதாம். வாத்துங்க கொழுத்துப் போச்சாம்."

வீரம்மா மடித்த துணியைத் திரும்பக் கொடியில் போட்டாள். சன்னாசி எழுந்து உட்கார்ந்து, முட்டையைக் கையில் வாங்கி, ஓட்டில் துளி வெள்ளையும் ஒட்டாமல் உரிக்க ஆரம்பித்தார்.